குழந்தையைக் காரில் ஏற்றும்போது: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்க்கும் கீழக்கரைக் குடும்பம், அங்கே தெருமுனைக் கடைக்குப் போவதானாலும், மூன்று வயதுப் பிள்ளையைக் குழந்தை இருக்கையில் உட்கார வைத்து, பட்டையை மாட்டி, பூட்டு ‘டக்’கென்று விழுந்த பிறகுதான் காரை நகர்த்துகிறது. அதே குடும்பம் விடுமுறைக்கு மதுரை விமான நிலையத்தில் வந்திறங்கி வாடகைக் காரில் ஏறியதும், அந்தப் பிள்ளை உம்மாவின் மடிக்கோ, முன் இருக்கையில் வாப்பாவின் முழங்காலுக்கோ மாறிவிடுகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைப் பயணம், பெரும்பாலும் தூக்கம் கெட்ட இரவு நேரம், எதிரே கண்ணைக் கூசவைக்கும் லாரி விளக்குகள் என்று ஆபத்து கூடுகிற இடத்தில்தான் பாதுகாப்பு கைவிடப்படுகிறது. வளைகுடாவில் இருந்த பாசமும் அறிவும் இங்கே வந்ததும் குறைந்துவிடுவதில்லை. அங்கே எல்லோரும் செய்வதை இங்கே ஒருவரும் செய்வதில்லை என்பதுதான் வேறுபாடு.

தொண்டி தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், இராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை, சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்காக இது எழுதப்படுகிறது. எந்த இருக்கையை வாங்குவது, எப்படி மாட்டுவது என்பவற்றோடு, வீட்டாரின் மறுப்பை எப்படிக் கடப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இப்பக்கம் குழந்தை இருக்கை புழக்கத்துக்கு வராததற்குப் பணம் ஒரு காரணம் என்றால், வழக்கம் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

மற்ற நாடுகளில் இந்த வழக்கம் வந்த விதம்

வெளிநாட்டார் இயல்பிலேயே கட்டுப்பாடு மிக்கவர்கள், நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சொல்வோர் அந்த நாடுகளின் பழைய நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னசி. அந்தச் சட்டம் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் ஒருவர் கைக்குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தால் இருக்கை தேவையில்லை என்று அதிலேயே ஒரு விலக்கும் வைத்திருந்தார்கள். பெற்றவளின் கையைவிடப் பத்திரமான இடம் ஏது என்று அங்கேயும் மக்கள் மனதார நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை பிள்ளைகளின் உயிருக்கு உலை வைக்கிறது என்று எடுத்துரைத்த பிறகுதான் 1981-இல் விலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. இன்று அங்கே பல மருத்துவமனைகளில், காரில் குழந்தை இருக்கை இருக்கிறதா என்று கேட்ட பிறகே பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நம் அப்பத்தாமார் இப்போது சொல்வதைத்தான் டென்னசியின் பாட்டிமாரும் ஒரு தலைமுறைக்கு முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வீடன் வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில் அமர்ந்து, வேகத்தின் அழுத்தத்தை முதுகு முழுவதிலும் தாங்கிக்கொள்வதைக் கவனித்த பெர்டில் ஆல்ட்மன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர், 1960-களின் நடுவில், காரின் பின்பக்கம் பார்த்து அமரும் குழந்தை இருக்கையை வடிவமைத்தார். அந்நாட்டுப் பெற்றோர் இன்றும் பிள்ளைக்கு நான்கு வயது ஆகும்வரை பின்னோக்கிய இருக்கையையே விரும்புகிறார்கள். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். ஜப்பானில் 2000 ஏப்ரல் முதல் ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு இது கட்டாயமாக இருக்கிறது.

நம் கடற்கரைக்கு நெருக்கமான நாடுகளையே பார்த்தாலும் போதும். ஐக்கிய அரபு அமீரகத்தில் நான்கு வயதுவரை குழந்தை இருக்கை வேண்டும் என்பதும், பத்து வயதுக்கும் 145 செ.மீ. உயரத்துக்கும் குறைந்தவர் முன் இருக்கையில் அமரக் கூடாது என்பதும் 2017 ஜூலையில்தான் விதியாயின. மலேசியாவில் 2020 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். சிங்கப்பூரில் 135 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குச் சொந்தக் காரில் உரிய இருக்கை இல்லாவிட்டால் குற்றம். எந்த நாட்டிலும் இது பரம்பரைப் பழக்கமாக இருந்ததில்லை. விதி வந்த பிறகு பழகிக்கொண்டவர்கள்தாம் எல்லோரும். அவர்களில் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினத்துப் பெற்றோரும் இருக்கிறார்கள்.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் இதற்காக ஒரு காரை ஓரங்கட்டி நிறுத்துவதை நம் சாலைகளில் காண்பது அரிது. எனவே இங்கே பெற்றோர் தாமாகவே முடிவெடுத்தால்தான் உண்டு.

மடி ஏன் தாங்காது

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நிற்பதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி போதும். கார் நின்றாலும் உள்ளே இருப்பவர் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருப்பார். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை அந்தப் பத்தில் ஒரு நொடியில் நிறுத்தி வைக்க வேண்டுமானால், சராசரியாகவே 140 கிலோ சுமையைப் பிடித்து நிறுத்தும் பலம் வேண்டும். உச்ச கணத்தில் அது இன்னும் கூடும். இரண்டு மூட்டை அரிசியை நீட்டிய கைகளில் ஏந்துகிற தகப்பன் யார்? அதுவும் எதிர்பாராத நேரத்தில், அரைத்தூக்கத்தில், தாமே முன்னால் தூக்கி எறியப்படும் நிலையில்? 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றாம் மாடியின் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நம் நெடுஞ்சாலையில் சாதாரணமாகப் போகும் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 25 மீட்டர் உயரம், அதாவது எட்டு மாடி.

மடியில் வைத்திருப்பவர் சீட் பெல்ட் போடாமல் இருந்தால், அவருடைய உடலும் முன் இருக்கைக்கும் தமக்கும் நடுவில் குழந்தையை வைத்து நசுக்கும். ஒரே பெல்ட்டைத் தமக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போடுவது அதைவிடக் கொடிது. பெரியவரின் முழு எடையும் பெல்ட்டுக்கு எதிராகக் குழந்தையின் மீதே இறங்கும். ஓட்டுநரின் மடியில் பிள்ளையை அமர்த்தி ஸ்டீயரிங்கைப் பிடிக்க விடுவதைப் பல வீடுகளில் செல்லமாகக் கருதுகிறார்கள். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக் மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் வெடித்து விரிவது. அது பெரியவரின் மார்புக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. பிள்ளையின் முகமும் கழுத்தும் இருப்பதோ சரியாக அதன் வாசலில். இந்த ஒரு பழக்கத்தையாவது இன்றோடு நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தகுந்த இருக்கையில் அமர்த்தினால் குழந்தை மரணங்கள் 60 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எந்த இருக்கை

வயதைவிட உயரமும் எடையுமே முக்கியம். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையை அவ்வளவு மெல்லிய கழுத்து தாங்கிக்கொண்டிருப்பதால், கார் திடீரென நிற்கும்போது கழுத்துதான் முதலில் அடிபடும். பின்பக்கம் பார்த்து அமர்ந்த குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் சாய்மானம் ஒன்றாகத் தாங்கிக்கொள்கிறது. ஐரோப்பாவின் புதிய தரவிதி குறைந்தது 15 மாதம்வரை பின்னோக்கியே அமர வேண்டும் என்கிறது. இருக்கை அனுமதிக்கும் உயரத்தையும் எடையையும் எட்டும்வரை பின்னோக்கியே வைத்திருங்கள் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. கால் மடங்கிக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு வயதிலேயே முன்பக்கம் திருப்பிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சம்மணம் போட்டு உட்காருவது சிரமமே இல்லை.

அதன் பிறகு முன்னோக்கிய இருக்கை, இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே என ஐந்து இடங்களில் பிடிக்கும் ஐந்து முனைப் பட்டையோடு. பட்டையின் அளவைப் பிள்ளை தாண்டியதும், பிள்ளையை உயர்த்தி அமர்த்தி, காரின் பெல்ட்டையே சரியான இடத்தில் படியச் செய்யும் பூஸ்டர் என்ற இருக்கை. பூஸ்டரை எப்போது எடுக்கலாம் என்பதை வயதை வைத்துக் கணக்கிட வேண்டாம். பிள்ளையின் முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போதே முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிய வேண்டும். இடுப்புப் பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடையின் தொடக்கத்தில் படிய வேண்டும். தோள் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் செல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 135-லிருந்து 150 செ.மீ. உயரத்துக்குள்தான் இது அமையும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால், விபத்தின்போது பெல்ட் வயிற்றில் ஏறிக் குடலையும் ஈரலையும் கிழித்துவிடக்கூடும்.

கடையில் வாங்கும்போது இருக்கையில் ஒட்டியிருக்கும் தரமுத்திரைச் சீட்டைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஆர்-44 அல்லது ஆர்-129, அல்லது இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ்.-072 என்று அதில் இருக்க வேண்டும். முத்திரையே இல்லாத, மெத்தைபோல் தைத்த பைகள் விலை குறைவாகக் கிடைக்கும்; அவை குழந்தையை உட்கார வைக்குமே தவிரக் காப்பாற்றாது. பெல்ட் இல்லாமலே குழந்தை இருக்கையைக் காரோடு பூட்ட உதவும் ஐசோஃபிக்ஸ் கொக்கி காரில் இருக்கிறதா என்று பின் இருக்கையின் சாய்மானமும் அமருமிடமும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். இரும்பு வளையங்கள் இரண்டு தட்டுப்படும். அது இல்லாத பழைய காராக இருந்தால், பெல்ட்டினால் மாட்டும் இருக்கையை வாங்கலாம். ஒழுங்காக மாட்டினால் அதுவும் நல்ல பாதுகாப்பே. வாங்குவதற்கு முன் உங்கள் காரிலேயே ஒருமுறை மாட்டிப் பார்க்கக் கடைக்காரரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். புதிய கார் வாங்குவோர், 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கு ஒரு நட்சத்திர மதிப்பும் குழந்தைகளுக்குத் தனியே ஒரு மதிப்பும் தரப்படுவதை அறிந்து, இரண்டாவதையும் கேட்டு வாங்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வருவோர் அங்கே பயன்படுத்தும் இருக்கையையே கொண்டுவருவது நல்லது. குழந்தை இருக்கையைத் தனிக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்வார்களா என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். வாடகைக் காரை முன்பதிவு செய்யும்போது, பின் இருக்கையின் பெல்ட்டுகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்காமல் வெளியே எடுத்து வைக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு தொலைபேசிப் பேச்சு இல்லாததால்தான், நல்ல இருக்கை கையில் இருந்தும் அது டிக்கியில் பெட்டிகளோடு பயணம் செய்கிறது.

மாட்டும் முறை

இடம் எப்போதும் பின் இருக்கை. நம் சாலைகளில் ஓரம் இடப்பக்கம் என்பதால், ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதைவிட இடப்பக்கத்தில் வைத்தால், பிள்ளையை ஏற்றவும் இறக்கவும் வண்டிகள் பாயும் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்காது. பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது; ஏர்பேக் விரியும்போது குழந்தையின் தலைக்குப் பின்னாலேயே அடி விழும்.

புதுக் காரின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே ஓட்டுவது நம்மூரில் பலருக்குப் பெருமை. குழந்தை இருக்கைக்கு அடியில் அந்த உறையும் வேண்டாம், வழுக்கும் தோல் சீட் கவரும் வேண்டாம். பெல்ட்டைக் கையேட்டில் காட்டிய பாதையில் செலுத்தி, குழந்தை இருக்கையின் மீது உங்கள் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டுங்கள், இரண்டரை செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து மாட்ட வேண்டும். கைக்குழந்தையின் இருக்கை நன்கு சாய்ந்திருக்க வேண்டும்; தாடை மார்பில் முட்டும்படி தலை முன்னால் விழுந்தால் மூச்சு அடைபடும்.

பட்டையை மாட்டும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உயரம்: பின்னோக்கிய இருக்கையில் தோளுக்கான பட்டை சாய்மானத்திலிருந்து புறப்படும் இடம் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும், முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும். மற்றொன்று, இறுக்கம்: பட்டையை இழுத்து இறுக்கிய பின், காறையெலும்புக்கு மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பட்டையை நெடுக்குவாக்கில் கிள்ளிப் பாருங்கள். துணியில் மடிப்பு எடுப்பதுபோல் விரலுக்குள் பட்டை சிக்கினால் அது தளர்வு. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. துண்டில் சுற்றிய குழந்தையைச் சுற்றியபடியே உட்கார வைத்துப் பட்டை மாட்டாதீர்கள். விசேஷ வீட்டுக்குப் போகும்போது பட்டுப்பாவாடையின் கொசுவம் பட்டைக்கு அடியில் திரண்டிருந்தாலும் அதே கதைதான்: துணி அமுங்கும், பட்டை தளரும், பிள்ளை நழுவும். கால்களுக்கு நடுவே துணியை ஒதுக்கிப் பட்டையை உடலோடு படியவிட்டு, குளிருக்குப் போர்த்துவதாக இருந்தால் மேலே போர்த்துங்கள்.

வீட்டுப் பெரியவர்களும் அழும் பிள்ளையும்

“பச்சப்புள்ளயக் கட்டிப்போட்டா கொண்டுபோறது?” என்று அப்பத்தா கேட்பார். இதற்கு விபத்துக் கணக்கைச் சொல்லிப் பதில் பேசினால் வாக்குவாதம்தான் வளரும். கிளம்பும் நேரத்தில் விபத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று வேறு கோபப்படுவார். மடியில் வைத்திருப்பது பேரப்பிள்ளையிடம் அவருக்குள்ள உரிமை. அதைப் பறிப்பதாக அவருக்குத் தோன்றக் கூடாது. பின் இருக்கையில் குழந்தைக்குப் பக்கத்திலேயே அவரை அமர்த்துங்கள். பட்டை சரியாக மாட்டியிருக்கிறதா என்று கிள்ளிப் பார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அவரும் பெல்ட் போட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பின்னால் பெல்ட் போடாமல் இருப்பவர் மோதலின்போது முன்னால் இருப்பவர் மீதும், பக்கத்துக் குழந்தை மீதும் பாறாங்கல்லாக வந்து விழுவார்.

“கொஞ்ச தூரந்தானே” என்பது அடுத்த மறுப்பு, இது பெரும்பாலும் தகப்பனிடமிருந்து வருவது. இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போவது கொஞ்ச தூரம்தான். ஆனால் அதுவும் வேகமாக வண்டிகள் போகும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலை. எதிரே வரும் வண்டிக்காரர் உங்கள் பயணத்தின் தூரத்தைக் கேட்டு வருவதில்லை. மேலும், சில பயணங்களில் கட்டியும் சிலவற்றில் விட்டும் பழக்கினால் பிள்ளை ஒவ்வொரு முறையும் அழுது பார்க்கும். விதிவிலக்கே இல்லாவிட்டால் அழுகை விரைவில் அடங்கும். நம் பிள்ளைகள் துபாயில் அழாமல் உட்காருவதற்கு இதுவே காரணம்.

புதிதாகத் தொடங்குவோர், இருக்கையை வாங்கியதும் காரில் மாட்டாமல் கூடத்தில் வையுங்கள். பிள்ளை அதில் ஏறி இறங்கி, உட்கார்ந்து முறுக்குத் தின்று அதைத் தனது என்று உரிமை கொண்டாடட்டும். பிறகு வயிறு நிறைந்த, தூக்கம் வராத நேரத்தில் பக்கத்துத் தெருவரை ஓர் ஓட்டம். ஓடும் காரில் அழுதால் பட்டையைக் கழற்றாமல் பாட்டுப் போட்டோ பேச்சுக் கொடுத்தோ சமாளித்து, பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்தித் தூக்குங்கள்.

பால்குடி மறவாத குழந்தை மடிக்கு வருவதற்கு உண்மையான காரணம் பசிதான், இதில் தாயைக் குறை சொல்வது நியாயமாகாது. ஓடும் காரில் பால் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டுமானால், நிறுத்துவதற்கு ஓட்டுபவர் மனம் வைக்க வேண்டும். மதுரையிலிருந்து வரும்போது மானாமதுரையிலும் பரமக்குடியிலும் நிறுத்துவதாக முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வீடு சேர அரைமணி தாமதமாகும் என்பதைக் காத்திருப்போரிடமும் சொல்லிவிடுங்கள். “எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க” என்ற தொலைபேசி அழைப்புகள் ஓட்டுபவரை விரட்டாமல் இருக்கும். எப்படியும் கைக்குழந்தையை ஒரே இருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணும் பெல்ட் போட வேண்டும்: இடுப்புப் பகுதி வயிற்றுக்குக் கீழே, தோள் பகுதி மார்புகளுக்கு நடுவே.

நம் சாலைகள்

குழந்தை இருக்கை இரண்டாவது காவல். ஓட்டுகிற கைதான் முதல் காவல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளங்களைத் தாண்டியதும் நேராக, காலியாக, வளைவே இல்லாமல் சாலை நீளும்போது கால் தானாகவே அழுத்தும். இருபுறமும் சீமைக்கருவேலம் சாலையோரம்வரை அடர்ந்திருக்கும் இடங்களில், உள்ளிருந்து வரும் ஆட்டை அது தார்ச்சாலையில் கால் வைத்த பிறகே காண முடியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஓட்டுபவர் பார்த்து மிதித்து நிற்பதற்குள் சுமார் 70 மீட்டர் போய்விடும். 60 கிலோமீட்டரில் சுமார் 45 மீட்டர். பொழுது சாயும் நேரத்தில் ஆடுகள் கிடைக்குத் திரும்பும். அந்த நேரத்தில் பிள்ளைகளோடு போகும்போது 60-ஐத் தாண்டாதீர்கள்.

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் காரை நிறுத்தி, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலையும் கடலையும் காட்டுவது இராமேஸ்வரம் பயணத்தின் பாதி மகிழ்ச்சி என்பதை நான் அறிவேன். ஆனால் குறுகிய அந்தப் பாலத்தில் பேருந்தும் மீன் வண்டியும் நிற்கும் கார்களை உரசியபடி போகின்றன. வலப்பக்கக் கதவைப் பிள்ளை திறந்துவிட்டால் அந்த நொடியில் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பாலத்தைத் தாண்டி, நிறுத்த இடமுள்ள கரையில் நிறுத்தி, அங்கிருந்து நடந்து பாருங்கள். பின் கதவுகளின் விளிம்பில், கதவைத் திறந்தால் மட்டும் தெரியும் சிறிய நெம்புகோல் ஒன்று இருக்கும். அதுதான் சைல்டு லாக். அதைக் கீழே தள்ளினால், அல்லது அதில் படம் காட்டும் பக்கம் திருப்பினால், உள்ளிருந்து கதவு திறக்காது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிப் பூட்டுப் பொத்தானையும் அழுத்திவிடுங்கள். மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து பிள்ளையை நிற்க வைப்பது இப்போது பரவிவரும் ஆசை. சின்ன பிரேக்குக்கே கூரையின் விளிம்பு விலாவில் இடிக்கும்.

2017 முதல் தனுஷ்கோடியைத் தாண்டி, நிலம் முடியும் அரிச்சல்முனைவரை கார் போகிறது. தனுஷ்கோடிச் சாலையில் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் குறுக்கே படர்ந்திருக்கும். அதில் வேகமாகத் திருப்பினால் டயர் பிடிமானம் இழக்கும். அங்கிருந்து திரும்பும்போது பிள்ளையின் காலிலும் உடையிலும் ஒட்டிய மணலை நன்றாகத் தட்டிவிட்டு இருக்கையில் அமர்த்துங்கள். பட்டைப் பூட்டுக்குள் மணல் இறங்கினால், மாட்டியதுபோல் தோன்றும், சத்தம் மட்டும் வராது, இழுத்தால் கழன்றுவிடும். அப்படி ஆனால் பூட்டைத் தலைகீழாகத் தட்டி, வெறும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் விடக் கூடாது. எண்ணெயில் மணல் இன்னும் ஒட்டும். பட்டைத் துணியைச் சோப்புநீரில் ஊறவைப்பதும் வேண்டாம். நூலின் வலு குறையும்.

வெயிலைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். நிழலில்லாத இடத்தில் பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய பத்து டிகிரி கூடிவிடும். சிறு குழந்தையின் உடல் பெரியவரைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனமில்லாமல், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பிரசாதம் வாங்கிவர ஓடுவதென்பது கூடவே கூடாது. இத்தாலியில் நான்கு வயதுக்கு உட்பட்டோரின் இருக்கையில், பிள்ளையை மறந்துவிட்டு இறங்கினால் ஒலிக்கும் கருவி இருக்க வேண்டும் என்று 2019-இல் கட்டாயமாக்கினார்கள். நாம் கைப்பேசியையோ பணப்பையையோ குழந்தையின் காலடியில் வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் அதுவே போதும். வெயிலில் நின்ற காரில் ஏற்றுமுன், பூட்டின் இரும்பு நாக்கை உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இறங்கும்போதே இருக்கையை வெள்ளைத் துண்டால் மூடிவிட்டால் தோல் சுடாது.

கார் இல்லாத பயணங்கள்

பெரும்பாலான வீடுகளில் இருப்பது பைக்தான். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பைக்கில் ஏற்றினால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தலைக்கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம். பெட்ரோல் டாங்கின் மீது அமர்த்தும் பிள்ளைக்கு எதிர்க்காற்றும் பூச்சியும் கண்ணில் அடிக்கும். மோதினால் முதலில் கைப்பிடியில் இடிப்பது அதுதான். இரண்டு பிள்ளைகளோடு தாயும் தகப்பனும் ஒரே வண்டியில் போவதைவிட அரசுப் பேருந்து எவ்வளவோ மேல்.

ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும், ஆடி அமாவாசைக்கும், காதுகுத்துக்கும் சரக்கு வண்டியின் திறந்த முதுகில் பிள்ளைகளை நிற்க வைத்துக் கூட்டிப் போவது சட்டப்படியும் குற்றம். ஒரு வளைவில் ஒரு பக்கம் எல்லோரும் சாய்ந்தாலே வண்டி புரளும். சொந்தபந்தங்கள் சேர்ந்து, சீட் கணக்குள்ள வேனை எடுத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மீசை முளைக்கத் தொடங்கிய மகன் வண்டி ஓட்டுவதை மெச்சுவது நம் பக்கத்துத் தகப்பன்மாரின் பலவீனம். பதினெட்டு வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமம் கிடைக்காது.

இருக்கையைக் கைமாற்றும்போது

பிள்ளை வளர்ந்ததும் இருக்கையைத் தங்கை வீட்டுக்கோ கொழுந்தன் வீட்டுக்கோ கொடுப்பது நல்ல வழக்கம். விடுமுறைக்கு வருவோர் கொண்டுவந்த இருக்கையைத் திரும்ப எடுத்துச் செல்லாமல் ஊரில் விட்டுவிட்டு, ஜமாஅத்தோ ஊர்ச் சங்கமோ அதை வாங்கி வைத்துத் தேவைப்படும் வீட்டுக்கு இரவல் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தால், வருடத்தில் ஒரு மாதம் மட்டும் பிள்ளைகளோடு காரில் போகும் குடும்பங்களுக்கு அது பெரும் உதவியாக இருக்கும். கொடுக்கும்போது கையேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அடியில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் காலாவதி ஆண்டையும் காட்டுங்கள். பெரும்பாலான இருக்கைகளின் ஆயுள் ஆறிலிருந்து பத்தாண்டு. நம் வெயிலில் நின்ற காரிலேயே வருடக்கணக்கில் கிடந்த இருக்கையின் பிளாஸ்டிக் வெளுத்தோ விரிசல் விட்டோ இருந்தால் ஆயுளைக் கணக்குப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். விபத்துக்குள்ளான காரில் இருந்த இருக்கையை, பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதைக் குப்பையில் போடும் முன், வேறொருவர் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி பட்டைகளைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள்.